எலிசபெத் பண்ணை வீடு: இருந்தவர் ஈட்டிய பொருள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆளுக்கொரு வீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, தமிழ்ப் பேராசிரியை ஆதலின் எட்டயபுரத்திற்கோ திருவல்லிக்கேணிக்கோ நான் செல்வேன் எனச் சிலர் எண்ணியிருக்கக் கூடும். அவ்வீடுகளைப் பற்றிப் பேசுதற்குத் தக்கார் பலர் இங்குளர். நான் கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு மேற்கே பாரமட்டா என்னும் ஊரில் 1793-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற ஒரு சிறு செங்கல் வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். எலிசபெத் பண்ணை என்பது அதன் பெயர். அக்கண்டத்தில் ஐரோப்பியர் கட்டி இன்றும் எஞ்சி நிற்கும் வீடுகளுள் மிகப் பழைமையானது அதுவே என்பர்.

அந்த வீட்டிற்கும் இந்த வட்டத்திற்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுவது இயல்பு. வகுப்பில் இருபது ஆண்டுகளாக நான் அகத்திணை நடத்தி வருகிறேன். தலைவன் பொருள்வயிற் பிரிவான், தலைவி இருப்பாள். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று எழுதிப் போட்டால் மாணவர்கள் படியெடுத்துக் கொள்வர். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "அம்மா, அவன் போய்ப் பொருள் தேடுகிறான்; இவள் இருந்து என்ன செய்கிறாள்?" என்று கேட்டாள். ஆற்றியிருக்கிறாள் என்று உரையாசிரியர்கள் சொல்லும் விடையையே நானும் சொன்னேன். பாரமட்டா வீட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த மாணவியின் வினாவிற்கு அங்கே வேறொரு விடை கிடப்பதாக எனக்குத் தோன்றியது. அதனாலேயே இந்த வீட்டைத் தேர்ந்தேன்.

முதலில் வீட்டுக்காரர்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஜான் மக்கார்தர் 1767-இல் இங்கிலாந்தின் பிளிமத் அருகே பிறந்தவர், துணி வணிகர் மகன், படை அலுவலர். எலிசபெத் வீல் 1766-இல் டெவன் மாவட்டத்துப் பிரிட்ஜ்ரூல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். உழவுக் குடும்பத்துப் பெண். 1788 அக்டோபரில் இவர்கள் திருமணம் நடந்தது. 1790-இல் இரண்டாம் கப்பல் தொகுதியில், கைக்குழந்தையாகிய முதல் மகனோடு, கைதிகளைக் குடியேற்றும் புதிய நாட்டிற்குப் புறப்பட்டனர். முந்நீர்ப் பயணம் மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியர் காட்டும் வழக்கு. அம்மரபிற்கு இவ்வம்மையார் முற்றிலும் புறம்பானவர். அந்தப் பயணமோ கொடியது. ஏற்றப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வழியிலேயே மாண்டனர். ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால் பெண் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த அறையில் அவர் பயணம் செய்தார். நடுவழியில் வேறொரு கப்பலுக்கு மாறினர். வழியிலேயே ஒரு பெண்மகவைப் பெற்று வழியிலேயே இழந்தார். அவற்றையெல்லாம் நாட்குறிப்பாக எழுதியும் வைத்தார். 1790 ஜூனில் சிட்னித் துறையில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

படித்த பெண்கள் அங்கே அரியர். கப்பல் மருத்துவர் வோர்கன் தாம் கொண்டுவந்த பியானோவில் அம்மையாருக்கு இசை கற்பித்து, ஊர் திரும்பும்போது அந்தப் பியானோவை அவரிடமே விட்டுச் சென்றார். லெப்டினன்ட் டாஸ் என்பவரிடம் வானியல் கற்கத் தொடங்கி, அது தமக்கு வாராது எனக் கைவிட்டுத் தாவரவியலில் ஈடுபட்டார். இந்த டாஸ் மொழி அறிந்தோர் போற்றத்தக்க மனிதர். பட்டியகராங் என்னும் இளம்பெண்ணிடம் சிட்னிக் கரையின் பழங்குடி மொழியைக் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய குறிப்பேடுகள் லண்டனில் இன்றும் உள்ளன. அம்மொழியை இன்று மீட்டெடுப்போர்க்கு அவையே பெருந்துணை.

1793 பிப்ரவரியில், ஆளுநர் பொறுப்பிலிருந்த குரோஸ் என்ற படைத்தலைவர் பாரமட்டாவில் மக்கார்தருக்கு 100 ஏக்கர் நிலம் வழங்கினார். மனைவியின் பெயரையே பண்ணைக்கு இட்டு, அவ்வாண்டிலேயே மக்கார்தர் வீடு எழுப்பினார். அடுத்த ஆண்டு தம் தமையனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதன் அளவுகளைப் பெருமிதத்துடன் தருகிறார். முகப்பு 68 அடி, அகலம் 18 அடி, மாடி இல்லை, தரையில் நான்கு அறைகள், ஒரு கூடம், ஒரு நிலவறை, சமையற்கட்டும் பணியாளர் இருப்பிடமும் புறம்பே. பெருக்கிப் பாருங்கள்: 1,224 சதுர அடி. இன்று சென்னையில் இரண்டு படுக்கையறை அடுக்ககம் ஒன்றின் அளவு. ஆயினும் குடிசைகளும் மண்சுவர்களும் நிறைந்த அன்றைய குடியேற்றத்தில் செங்கல்லால் வீடு கட்டுவது மாளிகை கட்டுவதற்கு ஒப்பாகும்.

அந்தச் செங்கல் எப்படி வந்தது? கட்டியவர் என்று நூல்கள் மக்கார்தரின் பெயரைத்தான் சொல்லும். மண் குழைத்தவரும் அச்சில் அறுத்தவரும் சூளை வைத்தவரும் கைதிகள். அலுவலர்களுக்குக் கைதிகளைக் கூலியின்றிப் பணியாளராகத் தந்த ஏற்பாடு அது. சிட்னியின் செங்கற் களத்தில் மாடுகள் இல்லாமையால் வண்டிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு கைதிகளாக இழுத்தனர். ஒரு வண்டிக்கு 350 செங்கல், நாளொன்றுக்கு ஐந்து நடை என்று அக்காலத்தவர் குறித்துள்ளனர். சுண்ணாம்புக் கல் அருகில் கிடைக்கவில்லை. ஆகவே கடற்கரைகளிலும் கழிமுகங்களிலும் கிளிஞ்சல்களைச் சேர்த்து எரித்துச் சுண்ணாம்பு எடுத்தனர். கிளிஞ்சற் சுண்ணாம்பு நமக்குப் புதிதன்று. ஆனால் அங்கே எரிக்கப்பட்ட கிளிஞ்சல்களில் பெரும்பகுதி, பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி உண்டு குவித்த மேடுகளிலிருந்து வாரப்பட்டது. ஒரு மக்களின் பல்லாயிரம் ஆண்டு உணவின் சுவடு சூளையில் வெந்து மற்றொரு மக்களின் சுவரில் சாந்தாயிற்று.

அச்சுண்ணாம்பும் அரிதாகவே கிடைத்தமையால் களிமண் கலந்த சாந்தே மிகுதி. மழை நீர் பட்டால் அது கரையும். எனவே சுவரை உயர்த்த அஞ்சினர். கூரையை வெளியே நீட்டித் தாழ்வாரம் அமைத்தனர். இந்தியாவில் ஆங்கிலேயர் கண்டு பழகிய வராந்தா அங்கேயும் சென்று சேர்ந்தது. எலிசபெத் பண்ணையின் தாழ்வாரத்தை நான் 2019-இல் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது கண்டேன். அகன்ற அந்த நிழலில் நின்றபோது அயல் வீடு என்றே தோன்றவில்லை. நம்மூரில் திண்ணை வைத்த வீடுகளை இடித்துவிட்டு நாம் இப்போது கம்பிக் கதவு போட்டுக்கொண்டிருக்கிறோம், அது கிடக்கட்டும். அவ்வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள ஹாரிஸ் பார்க் பகுதியில் இன்று இந்திய உணவகங்கள் நிறைந்து, தோசை வார்க்கும் மணம் தெருவில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியத் தொடர்பு வராந்தாவோடு முடிவதுமன்று. மக்கார்தர் முதலில் வாங்கிய ஆடுகள் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த வங்காள ஆடுகள், அறுபது. அவை மயிர் ஆடுகள், கம்பளிக்கு ஆகாதவை. அயர்லாந்து ஆடுகளோடு அவற்றைச் சேர்த்தபோது குட்டிகளின் மயிரும் கம்பளியும் கலந்த தோலைக் கண்டே, இந்நிலத்தில் நல்ல கம்பளி விளையும் என்ற எண்ணம் தமக்கு உண்டாயிற்று என அவர் பின்னர் கூறியிருக்கிறார். 1797-இல் தென்னாப்பிரிக்க முனையிலிருந்து மெரினோ இன ஆடுகள் வந்தன. அவற்றிற் சிலவற்றை வாங்கினார். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவைச் செல்வ நாடாக்கிய கம்பளித் தொழிலுக்கு அவரே தந்தை எனப் பள்ளி நூல்கள் புகழ்ந்தன. 1966-இல் வெளியான இரண்டு டாலர் தாளில் மெரினோ ஆட்டோடு மக்கார்தரின் முகம் அச்சாயிற்று. 1988-இல் அத்தாளுக்கு மாற்றாக நாணயம் வரும்வரை அம்முகம் ஆஸ்திரேலியர் சட்டைப்பைகளில் இருந்தது.

இனித்தான் என் மாணவியின் வினா.

மக்கார்தர் சினம் மிக்கவர், யாரோடும் பொருந்தாதவர். 1801-இல் தம் மேலதிகாரியோடு கைத்துப்பாக்கிச் சமர் செய்து அவரைத் தோளில் சுட்டார். ஆளுநர் கிங் அவரை விசாரணைக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். அவர் திரும்பியது 1805-இல். வந்து மூன்றாண்டுகூட நிறையவில்லை. 1808 ஜனவரி 26 அன்று ஆளுநர் பிளையைப் படையினர் சிறைப்பிடித்துக் கவிழ்த்த கலகத்தின் மூளையாக அவரே இருந்தார். 1809-இல் மீண்டும் இங்கிலாந்து. திரும்பினால் கைதாவார் என்ற நிலை; 1817 வரை திரும்ப இயலவில்லை. முதற் பிரிவு நான்காண்டு, இரண்டாம் பிரிவு எட்டாண்டிற்கும் மேல். கம்பளித் தொழில் வேரூன்றிய காலம் எது என்று பார்த்தால், ஏறத்தாழ இதே காலம்தான். அதாவது 'தந்தை' எனப் போற்றப்பட்டவர் ஊரிலேயே இல்லாத காலம்.

ஊரில் இருந்தவர் யார்? அந்த நான்கறை வீட்டில் பெண்மக்களோடு இருந்தவர் எலிசபெத் அம்மையார். கைதிப் பணியாளர்களுக்கு வேலை பகிர்ந்தளித்தவர், கோதுமை விளைவும் பழத்தோட்டமும் கண்காணித்தவர், கிடாய்களைத் தெரிந்து பிரித்தவர், மயிர் கத்தரிக்கும் முன் ஆடுகளை ஆற்றில் குளிப்பாட்டச் செய்தவர், கத்தரித்த கம்பளியைத் தரம் பிரித்துப் பொதியாக்கிக் கப்பலேற்றியவர், கணக்கெழுதியவர் அவரே. பாரமட்டாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காம்டன் நிலங்களில் மந்தைகள் பெருகின; அங்கும் சென்று பார்த்தார். கணவரின் உறவினரான ஹன்னிபல் மக்கார்தர் இடையிடையே துணை நின்றதை மறைக்க வேண்டுவதில்லை. பொறுப்பு அம்மையாருடையதே.

லண்டனிலிருந்து மக்கார்தர் கடிதந்தோறும் கட்டளை எழுதினார். கம்பளியை இப்படிக் கழுவுக, இப்படிப் பிரிக்க, இதனை விற்க, அதனை வைக்க என்று. ஒரு கடிதம் வந்து சேர ஏறத்தாழ ஆறு திங்கள். விடை சென்று சேர மேலும் ஆறு. மழை பொய்த்ததையும் ஆடு நோயுற்றதையும் ஆறு திங்களுக்கு முன்பே லண்டனில் இருந்து ஒருவர் எவ்வாறு அறிவார்? அக்கட்டளைகள் வரும் முன்னரே முடிவெடுத்தாக வேண்டும். அம்முடிவுகள் யாருடையவை என்பதை எண்ணிப் பார்க்க நுண்ணறிவு ஒன்றும் வேண்டா. கப்பல் அட்டவணை போதும். மக்கார்தரே ஒரு கடிதத்தில், இத்தகைய இடர்களை எதிர்நின்று வெல்லும் உறுதி ஆயிரம் பெண்களில் ஒருத்திக்கும் இராது என்னும் பொருள்பட மனைவியைப் பாராட்டினார். அந்த நேர்மைக்கு நான் அவரை மதிக்கிறேன். 1822-இல் லண்டன் கலைக் கழகம் கம்பளிக்காகப் பதக்கங்கள் அளித்தபோது அவை அவர் பெயருக்கே வந்தன.

பொருள்வயிற் பிரிவின் இலக்கணம் இங்கே தலைகீழாகிறது. பிரிந்தவர் பொருளை ஈட்டவில்லை, இருந்தவர் ஈட்டினார். பிரிந்தவர் சென்ற இடத்தில் செய்தது வழக்கும் வாதமும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1804-இல் இங்கிலாந்து மன்னர் மந்தையிலிருந்து மெரினோ ஆடுகளை விலைக்கு வாங்கியதும், 5,000 ஏக்கர் நிலத்திற்கு ஆணை பெற்றதும் மக்கார்தரின் வன்மை. ஆனால் ஆட்டை வாங்குதல் ஒரு நாள் வேலை. மேய்த்தல் எல்லா நாளும் செய்யும் வேலை.

இந்த வீட்டில் அவர் அமைதியாக ஆற்றியிருந்தார் என்றும் எண்ண வேண்டா. 1804 மார்ச் மாதம் காசில் ஹில் என்னும் இடத்தில் அயர்லாந்துக் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். பாதிரியார் மார்ஸ்டன் குடும்பத்தார் அன்றிரவு அம்மையாரோடு உணவருந்திக் கொண்டிருந்தனர். செய்தி வந்ததும் குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஆற்றில் படகேறிச் சிட்னிக்குச் சென்றனர். படையினரை ஊரைவிட்டு வெளியே இழுப்பதற்காக எலிசபெத் பண்ணைக்குத் தீ வைப்பது கிளர்ச்சியாளரின் திட்டம் என்றொரு செய்தியும் உண்டு. தீ வைக்கப்படவில்லை. சில நாட்களில் அம்மையார் திரும்பிவந்து வேலையைத் தொடர்ந்தார்.

கவிஞர் பெருமக்களே, இதுவரை சொன்னதைக் கேட்டு ஒரு வீரப்பெண் காவியம் பாட உங்களுள் சிலருக்குக் கை துறுதுறுக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன். முன்னோடிக் குடும்பம் என்று அந்நாட்டு நூல்கள் மக்கார்தர் குடும்பத்தைக் குறிக்கின்றன. முன்னோடி என்பது நல்ல தமிழ்ச்சொல். நம் ஊர்ப்புறக் கோயில்களில் முன்னோடிக் கருப்பு என்றொரு காவல் தெய்வமும் உண்டு. முன்னே ஓடுபவன் முன்னோடி. யாருக்கு முன்னே? பாரமட்டா என்ற பெயரே அங்கு முன்னரே வாழ்ந்த தாருக் மக்களின் புர்ரமட்டகல் குழுவின் பெயரிலிருந்து வந்தது. விலாங்கு மீன் மிக்க இடம் என்பது அதன் பொருள். 100 ஏக்கர் வழங்கிய ஆவணத்தில் அவர்கள் பெயர் இல்லை.

1791-இல் அம்மையார் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு காட்சி வருகிறது. கோல்பி என்பாரின் மனைவி தாரிங்கா, தாம் ஈன்ற பச்சிளங் குழந்தையை அம்மையாருக்குக் காட்டக் கொண்டுவருகிறார். குழந்தையை ஒரு மரத்தின் மென்மையான பட்டையில் பொதிந்திருந்தார். அந்தப் பட்டையின் ஒரு துண்டை எடுத்து வைத்திருப்பதாக அம்மையார் எழுதுகிறார். கடலில் ஒரு மகவை இழந்த பெண்ணுக்குத் தாரிங்கா தம் மகவைக் காட்டினார். அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அறிந்து அக்கடிதத்தைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது. 1789-இல் பெரியம்மை அம்மக்களைக் கொத்துக்கொத்தாய் அழித்திருந்தது. 1797-இல் பாரமட்டாவிலேயே பெமுல்வுய் என்ற மறவர் ஆயுதமேந்தி எதிர்த்து நின்று காயமுற்றுப் பிடிபட்டுத் தப்பினார். 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினர். நம்ப அரிதாகத் தோன்றும் ஒரு செய்தி: அந்தப் பெமுல்வுய்யின் மகன் டெட்பரி எலிசபெத் பண்ணைக்கு வந்து போகும் பழக்கம் உடையவர், மக்கார்தர் 1808-இல் கைதானதைக் கேட்டு, ஆளுநரைக் குத்துவேன் என ஈட்டியோடு வந்தார் என்பர். பகை, நட்பு என்று இரண்டே பெட்டிகளில் இவ்வீட்டின் வரலாற்றை அடைக்க முடியாது.

ஆடு மேயப் புல் வேண்டும். அந்தப் புல்வெளி பிறர் கிழங்கு அகழ்ந்து உண்ட நிலம். 1816 ஏப்ரல் 17 அன்று, காம்டன் மந்தை நிலங்களுக்கு அப்பால் அதிகத் தொலைவில் இல்லாத ஆப்பின் என்னும் இடத்தில், ஆளுநர் மக்குவாரி அனுப்பிய படையினர் இரவில் பழங்குடியினரைத் தாக்கினர். குறைந்தது பதினால்வர், பெண்டிரும் சிறாரும் உட்பட, உயிரிழந்தனர். அப்போது அந்நிலங்களின் பொறுப்பு அம்மையார் கையில். ஈட்டியவர் அவரே என்று நாம் உரிமை கேட்போமாயின், ஈட்டிய முறைக்கும் அவர் பெயரை எழுத வேண்டும். புகழில் மட்டும் பங்கு கேட்பது அறமன்று என்பது என் துணிபு. பெண் வரலாறு எழுதும் நம் தோழியர் சிலர் இவ்விடத்தில் என்னோடு உடன்படுவதில்லை.

அம்மையாரின் கடிதங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தம் இல்லறத்தைப் பற்றியும் பேசுவதில்லை. மக்கார்தர் திரும்பி வந்தபின் அச்சிறு வீட்டை இடிப்பதும் நீட்டுவதுமாக இருந்தார்; 1820-களின் பிற்பகுதியில் இன்று காணும் அழகிய தோற்றத்தை அது பெற்றது. பழைய நான்கறை வீடு புதியதன் வயிற்றுக்குள் அடங்கிற்று. பின்னர் அவர் மனம் பேதலித்தது. மனைவியின் கற்பின் மீது ஐயம் கொண்டார். பெண்மக்கள் தம் பொருளைத் திருடுவதாகக் கூறினார். அவர்களை வீட்டை விட்டு வெளியேற்றினார். எந்த வீட்டிற்கு அவள் பெயரை இட்டாரோ அந்த வீட்டிலிருந்து. 1832-இல் அவர் மனநலம் இழந்தவர் என முறைப்படி அறிவிக்கப்பட்டது. அவரைக் காம்டனுக்குக் கொண்டு சென்ற பின்னரே அம்மையார் மீண்டும் தம் வீட்டிற்கு வர முடிந்தது. 1834-இல் கணவர் இறந்தார். இறுதிக் காலத்தில் அவரைக் காணவும் மனைவிக்கு வாய்க்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கை இவ்வாறு முடிந்தது. கடிதங்களில் குறை கூறும் சொல்லை நான் தேடித் தேடிப் பார்த்தேன். இரக்கம் இருக்கிறது; குறை இல்லை.

இந்த மௌனத்தை என்ன செய்வது என்பதுதான் எழுதுவோர்க்குள்ள சிக்கல். கேட் கிரென்வில் என்ற ஆஸ்திரேலிய நாவலாசிரியர் 2020-இல் எழுதிய நாவல், அம்மையார் மறைத்து வைத்த தன்வரலாறு அந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்ததாகப் புனைகிறது. அதில் அம்மையார் வாய் திறந்து பேசுகிறார், கணவரை வெறுக்கிறார், வேறொருவரை விரும்புகிறார். திறன் மிக்க நாவல், மறுக்கவில்லை. மெய்யான கடிதங்களையும் அவரே 2022-இல் தொகுத்து வெளியிட்டார். அச்செயல் எனக்கு நாவலினும் மேலாகப் படுகிறது. ஏனெனில், பேசாத பெண்ணை நாம் பேச வைக்கும்போது பெரும்பாலும் நம் காலத்தின் குரலே அவள் வாயிலிருந்து வருகிறது. அகப்பாட்டில் இன்னார் இன்ன இடத்தில் கூறலாம், இன்னதைக் கூறலாகாது என்று கூற்று வரையறை செய்தார்களே, அதைப் பெண்ணின் வாயைக் கட்டிய விதி என்று மட்டும் நான் ஒரு காலத்திலும் பாடம் சொன்னதில்லை. கூறாது விட்டதைக் கேட்போன் கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் உண்டு. அம்மையாரின் கடிதங்கள் கோதுமை விலையையும் ஆட்டுக் கணக்கையும் பிள்ளைகளின் நலத்தையும் சொல்கின்றன. எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிய மூத்த மகன் எட்வர்டுக்கு அவர் எழுதியவற்றைப் படியுங்கள். ஜான் என்னும் மற்றொரு மகன் 1801-இல் சென்றவன்; தாய் அவனைப் பின் கண்டதே இல்லை; 1831-இல் லண்டனில் இறந்தான். அம்மகனுக்கும் ஆடு பற்றியும் பழத்தோட்டம் பற்றியும் தாய் எழுதினார். வேறு எதைப் பற்றி எழுதுவது?

கடிதத் தலைப்பில் ஊர்ப் பெயர் எழுதும் இடத்தில் தம் பெயரையே எழுத நேர்ந்தவர் அவர். மேலே எலிசபெத் பண்ணை என்றும், கீழே எலிசபெத் மக்கார்தர் என்றும். தமிழில் மனையால் மனைவி, இல்லால் இல்லாள். இல்லான் என்றாலோ ஒன்றும் இல்லாதவன் என்று பொருள்படும். வீடு பெண்ணுக்குப் பெயர் தரும் மொழி நம்முடையது. அங்கே பெண் வீட்டிற்குப் பெயர் தந்தார்; நிலத்தின் உரிமை ஆவணத்தில் மட்டும் அப்பெயர் ஏறவில்லை.

1850 பிப்ரவரியில், எண்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் மறைந்தார். வந்த நாள் முதல் ஒருமுறையும் தாய்நாடு திரும்பவில்லை. அதன்பின் வீட்டின் கதை நமக்குப் பழகிய கதை. பிள்ளைகளுக்குக் காம்டனில் மாளிகை இருந்தது, பழைய வீட்டை வாடகைக்கு விட்டனர், 1881-இல் விற்றனர், நிலம் மனைகளாகத் துண்டாடப்பட்டது, வீடு சிதைந்தது. 1904-இல் வில்லியம் சுவான் என்பவர் எஞ்சிய ஆறு ஏக்கரோடு அதனை வாங்கினார். நிலத்திற்குத்தான் விலை, வீட்டை இடிந்த கட்டடமாகவே மதித்தனர். சுவான் குடும்பத்தில் பெண்மக்கள் ஒன்பதின்மர். ஆசிரியப் பணியிலும் ஊர்ப் பணியிலும் ஈடுபட்ட அச்சகோதரியர், ஒழுகும் கூரைக்கு ஒட்டுப் போட்டு, சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுத்து, அறுபத்து நான்கு ஆண்டுகள் அவ்வீட்டில் குடியிருந்து காத்தனர். அவர்களுள் மார்கரெட் சுவான் பாரமட்டாவின் வரலாற்றை எழுதியவர். அரசு விழித்துக்கொண்டது மிகப் பின்னர். 1968-இல் வீடு அவர்கள் கையிலிருந்து ஓர் அறக்கட்டளைக்கு மாறியது. 1984-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நியூ சௌத் வேல்ஸ் மாநில மரபுச் சின்னப் பதிவேட்டில் இன்று அதன் எண் 1. அந்த எண்ணுக்குரியவர்கள் சுவான் சகோதரியர் என்பேன். நம் ஊரில் உ.வே.சா. வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டை 2012-இல் இடிக்கக் கொடுத்த நமக்கு, ஒன்பது சகோதரியர் என்ன செய்யக் கூடும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அருங்காட்சியகமாக்கியவர்கள் ஒரு நல்ல முடிவு செய்தனர். உள்ளே கயிறு கட்டவில்லை. அறைகலன்கள் எல்லாம் பழையவற்றைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை ஆகையால், நாற்காலியில் அமரலாம். மேசை இழுப்பறையைத் திறக்கலாம். நான் சென்ற அன்று ஒரு பள்ளிச் சிறுமி எழுதுமேசையின் முன் அமர்ந்து இறகுப் பேனாவைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே வந்து தாழ்வாரச் சுவரைத் தொட்டேன். அக்காலக் கைதிகள் அறுத்த செங்கற்கள் சிலவற்றில், ஈரமாக இருக்கையில் தூக்கியவரின் கட்டைவிரல் பதிந்து அப்படியே வெந்திருப்பதுண்டு. அந்தச் சுவரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னால் காண முடியவில்லை. மேலே வெள்ளை பூசியிருந்தார்கள்.